குறைக்க முடிஞ்ச ஒரே செலவு

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து ஆகாது.

தப்பா எடுத்துக்கிடாதீங்க, நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துட்டு. வேணும்னு கேக்கல, பக்கத்துல உக்காந்தா விழத்தானே செய்யும். உங்க ஆபீஸ்ல புதுசா சாஃப்ட்வேர் போடுதாங்களோ? ஆளுங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற செலவுக்கு எவ்வளவு ஒதுக்கணும்னு இழுபறியோ? இல்ல, சிரிக்காதீங்க. அந்த இழுபறிதான் அண்ணாச்சி என் வீட்டக் காலி பண்ணிச்சு. இந்த நாகர்கோவில் பஸ்ல நான் இன்னைக்குத் தனியாத் திரும்பி வாறதுக்கும் அதுதான் காரணம்.

திருநெல்வேலியிலதானே இறங்குவீங்க? அப்பம் நேரம் இருக்கு. சொல்லுதேன்.

நான் பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அக்கவுண்ட்ஸ் மேனேஜர். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், அன்னம் போடுத இடம். என் வீட்டுக்காரி ஞானசுந்தரியும் அங்கதான் நர்ஸா இருந்தா. எனக்கு முன்னாடியே சேந்தவ அவ. ஆண்கள் வார்டுல சுந்தரி சிஸ்டர்னா எல்லாருக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவங்க கல்யாணப் பத்திரிகை கொண்டாந்து வைப்பாங்க. எனக்கு ஒருத்தரும் வச்சதில்ல. கணக்குப் பாக்கிறவனுக்கு யார் வைப்பா? எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அவளுக்கு வார்டு, எனக்குக் கணக்கு. ஒருத்தருக்கு ஒருத்தர். நல்லாத்தான் இருந்தோம், பாத்துக்கிடுங்க. ஒரு சண்டை கிடையாது. அவ அதிகம் பேச மாட்டா, அதனால சண்டைக்கும் வழி இல்ல.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பெரிய டாக்டர் சொன்னாங்க, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல கொண்டு வந்திடணும்னு. பில்லு, மருந்துக் கடை, லேப், வார்டு எல்லாம். பேஷண்டுக்கு என்ன மருந்து கொடுத்தோம், என்ன ஊசி போட்டோம்னு நர்ஸுங்க பேப்பர்ல எழுதுதாங்கல்லா, அதுவும் இனிமே கம்ப்யூட்டர்லதான். நல்ல விஷயம். நான் வேண்டாம்னு சொல்லல. சென்னையில இருந்து ஒரு கம்பெனி வந்தது. நிரஞ்சன்னு ஒரு தம்பி, சின்ன வயசு, மரியாதையான பையன். கொட்டேஷன் போட்டுக் கொண்டாந்தான்.

அதப் பாத்ததும் பெரிய டாக்டருக்கு மூச்சு முட்டிட்டு. "அருள்ராஜ், இதைக் கொஞ்சம் கொறச்சிக் கொண்டாங்க"ன்னு என் பக்கம் தள்ளிட்டாங்க. நானும் உக்காந்து பாக்கேன். மிஷினக் கொறைக்க முடியுமா? முடியாது. சாஃப்ட்வேர் விலை? அது கம்பெனிக்காரன் இறங்க மாட்டான். கேபிள் இழுக்கணும், கரண்ட் போனா ஓடுறதுக்கு பேட்டரி வேணும். எல்லாத்துக்கும் கடைசியில ஒரு வரி கிடந்தது. பயிற்சின்னு. மூணு வாரத்துக்குக் கம்பெனி ஆளுங்க வார்டுலயே நின்னு, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நர்ஸுங்க பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுப்பாங்களாம். அந்த மூணு வாரமும் அவங்க வேலையைப் பாக்க வெளியில இருந்து நர்ஸ் போடணுமாம். அதுக்கும் நாமதான் கொடுக்கணும்.

நீங்களே சொல்லுங்க. கையில தொட்டுப் பாக்க முடியாத செலவு. மூணு வாரம் கழிச்சு அந்த ஆளுங்க போயிருவாங்க. நமக்கு என்ன மிஞ்சும்? ஒரு மேசை மிஞ்சுமா, நாற்காலி மிஞ்சுமா? அந்த வரிய அடிச்சிட்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாடியில ஹால்ல, எல்லாருக்கும் சேத்து ஒரே வகுப்பு. அதுக்கு மேல வேணும்னா வீடியோ அனுப்புங்க, போன்ல பாத்துக்கிடுவாங்கன்னு சொல்லிட்டேன்.

நிரஞ்சன் தம்பிக்கு முகம் வாடிப்போச்சு. "சார், இதக் கொறைக்காதீங்க. வேணும்னா ரெண்டு கம்ப்யூட்டர் கம்மியா வாங்குங்க. ஆளுங்களுக்குக் கை பழகலன்னா நாங்க கொடுக்கிறது வெறும் டப்பாதான் சார்"ன்னான்.

"தம்பி, என் வீட்டுக்காரியே இங்க நர்ஸுதான். போன்ல வேதாகமம் படிக்கா, வீடியோ கால் பேசுதா. இவங்கள்லாம் கூறு உள்ளவங்க. பழகிக்கிடுவாங்க"ன்னேன்.

பெரிய டாக்டர் அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என் தோள்ல தட்டிக்கொடுத்தாங்க. அந்த ஆஸ்பத்திரியில அதுக்கு முன்னாடி அவங்க என்னைத் தொட்டதே கிடையாது.

அந்தச் சனிக்கிழமை சுந்தரிக்குப் பகல் டூட்டி. வார்டை விட்டுட்டு எப்படிப் போவா? ஒரு கிழவருக்கு டிரிப் ஏத்திட்டு, ஓட்டமா மாடிக்குப் போயிருக்கா. அதுக்குள்ள முக்கால்வாசி முடிஞ்சிட்டு. பின்வரிசையில நின்னு எட்டிப் பாத்துட்டு, வந்ததுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, திரும்ப வார்டுக்கு வந்துட்டா. வீட்டுக்கு வந்து சொல்லுதா: "ஏங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல. கேக்கதுக்கும் வெக்கமா இருக்கு. சின்னப் பிள்ளைங்கள்லாம் டக்குடக்குன்னு தட்டுதுங்க."

"நான் இருக்கேன்லா, நான் சொல்லித்தாறேன்"னேன்.

சொன்னபடி செஞ்சேன் அண்ணாச்சி. இல்லன்னு அவ சொல்ல முடியாது. மறுநாள் ஞாயித்துக்கிழமை, கோயிலுக்குப் போயிட்டு வந்து, என் லேப்டாப்பத் திறந்து வச்சி உக்கார வச்சேன். எனக்குத் தெரிஞ்சது பில்லு போடுற ஸ்கிரீன். அதத்தான் காமிக்க முடியும். அவ கேக்கா: "மருந்து கொடுத்தத எங்க போடணும்?" "அது உங்க ஸ்கிரீன்ல வரும், எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்தானே, இத விளங்கிக்கிட்டா அது தன்னால விளங்கும்"ன்னேன். அவ மறுபடியும் கேக்கா: "இல்லங்க, ஊசி போட்டு முடிச்சப்புறம் எதை அமுக்கணும்?" எனக்கும் பொறுமைன்னு ஒண்ணு இருக்குல்லா? கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். "மரமண்டையா இருக்கியே, அந்தச் சின்னப் பிள்ளைங்களுக்கு வாறது உனக்கு வராதா"ன்னு. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை சொல்லல.

அதுக்கப்புறம் அவ கேக்கல. சரி, விளங்கிட்டு போலன்னு நானும் விட்டுட்டேன்.

மாசம் பொறந்ததும் கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சது. பேப்பர் எல்லாத்தையும் அன்னைக்கே எடுத்துட்டோம். ரெண்டும் வச்சிருந்தா ஒருத்தரும் கம்ப்யூட்டர்ல போட மாட்டாங்கல்லா? அது என் யோசனைதான். இன்னொண்ணு, ஷிஃப்டு மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸுகிட்ட கட்டில் கட்டிலா நின்னு சொல்லி ஒப்படைக்கிற வழக்கம் இருந்தது. எல்லாம் ஸ்கிரீன்ல இருக்கும்போது அது எதுக்குன்னு அதையும் நிறுத்திட்டாங்க. அது என் யோசனை இல்ல. அது டாக்டர் சொன்னது.

நர்ஸுங்க என்ன செஞ்சாங்கன்னா, பிளாஸ்திரி ஒரு துண்டு கிழிச்சிக் கையில ஒட்டிக்கிட்டு, அதுல பேனாவால குறிச்சி வச்சிக்கிடுவாங்க. ஷிஃப்டு முடியிற நேரத்துல கம்ப்யூட்டர் முன்னாடி வரிசையில நின்னு ஒவ்வொண்ணாப் போடுவாங்க. சுந்தரி வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் பிளாஸ்திரி ஒட்டின தடம் செவசெவன்னு இருக்கும். எண்ணெய் தேச்சி உரிப்பா. "என்னட்டி இது, கோலம் போட்ட மாதிரி"ன்னு நான் கேலி பண்ணுவேன். அவ சிரிக்க மாட்டா.

அந்த வார்டுல சங்கரவடிவுன்னு ஒருத்தர் இருந்தாரு. டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆனவர். பெருமாள்புரம், எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். கால்ல புண்ணு, சர்க்கரை ஜாஸ்தி. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போடணும். சுந்தரி போட்டுட்டா. சரியான அளவு, சரியான நேரம். போட்டுட்டு கம்ப்யூட்டர்லயும் ஏத்தியிருக்கா. ஏத்தி, சேமிக்கிற பட்டனை அமுக்கியிருக்கா. ஆனா அதுக்குக் கீழ இன்னொரு பட்டன் இருக்காம், உறுதின்னு. அதையும் அமுக்கினாத்தான் மருந்து கொடுத்ததாக் கணக்கு. இல்லன்னா சும்மா எழுதி வச்ச மாதிரிதான். அது அவளுக்குத் தெரியல.

மத்தியான ஷிஃப்டுக்கு பெனிட்டான்னு ஒரு பிள்ளை வந்தது. வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஸ்கிரீனப் பாத்தா சங்கரவடிவு பேருக்கு நேரா சிவப்புக் காட்டுது, ஊசி போடல, நேரம் தாண்டிட்டுன்னு. பயந்துட்டா. ஓடிப்போய்ப் போட்டுட்டா. மறுபடியும் ஒரு ஊசி. அந்த மனுஷன், "ஏம்மா, அந்த அம்மா போட்டாங்களே"ன்னு கேட்டிருக்காரு. "ஸ்கிரீன்ல இல்ல தாத்தா"ன்னுருக்கா.

சாயங்காலம் அவர் மகள் கோமதி காபி வாங்கிட்டு வந்து எழுப்புதா. எந்திரிக்கல. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்திக்கிடக்கு, கை கால் இழுக்கு. தூக்கிட்டு ஓடினாங்க. உசுரு போகல. ஆனா சர்க்கரை அவ்வளவு கீழ போனா மூளையில அடிக்குமாம். ஐசியுல இருந்து வெளிய வந்தப்போ மகளையே அடையாளம் தெரியல. பேச்சும் போயிட்டு. கண்ணு மட்டும் முழிச்சி முழிச்சிப் பாக்கும்.

ஆஸ்பத்திரியில பணம் ஒண்ணும் வாங்கல, மேல கொஞ்சம் கொடுத்து வெளிய தெரியாம முடிச்சிக்கிட்டாங்க. ஆனா விசாரணைன்னு ஒண்ணு வைக்கணும்லா? பெரிய டாக்டர் ரூம்ல வச்சாங்க. டாக்டர், மேட்ரன் கமலாபாய் அம்மா, நிர்வாகத்து சார்புல நான். சுந்தரியும் பெனிட்டாவும் எதுத்தாப்புல நின்னாங்க. நிரஞ்சன் போன்ல. அவன் பாத்துச் சொல்லுதான்: "சுந்தரி சிஸ்டர் என்ட்ரி இருக்கு சார். உறுதி பண்ணல."

டாக்டர் கேட்டாங்க: "ஏன் பண்ணல?"

"அப்படி ஒரு பட்டன் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே டாக்டர்"ன்னா சுந்தரி. பெனிட்டா அழுதுகிட்டே இருந்தா. இவ அழல.

"பயிற்சிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்களே"ன்னாங்க டாக்டர்.

அப்பதான் மேட்ரன் வாயத் திறந்தாங்க. "டாக்டர், ஒரு மத்தியான வகுப்புல என்ன வரும்? கம்பெனிக்காரங்க மூணு வாரம் வார்டுல நின்னு சொல்லித்தாறேன்னாங்க. நம்ம அருள்ராஜ் சார்தான் அந்தச் செலவு வேண்டாம்னுட்டாங்க."

சுந்தரி திரும்பி என்னையப் பாத்தா அண்ணாச்சி.

அவகிட்ட நான் அதச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? ஆபீஸ் விஷயத்த வீட்டுல பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. டாக்டரும் என்னையப் பாத்தாங்க. நான் என்ன சொல்லணும்னு நினைக்கீங்க? "செலவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல டாக்டர், மத்த நர்ஸுங்க எல்லாரும் அதே வகுப்புக்குத்தானே வந்தாங்க"ன்னேன். உண்மைதானே? கட்டின பொண்டாட்டின்னு பரிஞ்சு பேசினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? நான் நியாயமா இருந்தேன். டாக்டரே அப்புறம் சொன்னாங்க, "சொந்த வீட்டு ஆளுன்னு பாக்காமப் பேசினீங்க, பெரிய மனசு"ன்னு.

அவள சஸ்பெண்ட் பண்ணாங்க. பெனிட்டா தானா வேலைய விட்டுட்டுப் போயிட்டு, பாவம்.

வீட்டுல அவ ஒண்ணும் கேக்கல. அதான் எனக்கு விளங்கல. நாலு வார்த்தை கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், முடிஞ்சிருக்கும். சமைச்சி வச்சா. என் சட்டையத் தேச்சி வச்சா. பகல் பூரா பின்வாசல்ல நின்னு முருங்கை மரத்தப் பாத்துக்கிட்டு நிப்பா. ஒருநாள், "நான் சங்கரவடிவு ஐயாவப் போய்ப் பாத்துட்டு வாறேன்"ன்னா. வேண்டாம்னேன். பிரச்சனைய இப்பதான் ஆத்தி வச்சிருக்கு, நீ போய் நின்னா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், ஆஸ்பத்திரிக்குச் சிக்கல்னு எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கிட்டா. ரெண்டு நாள் கழிச்சி நான் ஆபீஸ் விட்டு வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கு. சாவி பக்கத்து வீட்டுல. நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம், தக்கலையில அவ அக்கா இருக்கா, அங்க போயிட்டா.

கோவம் தணிஞ்சா வருவான்னு இருந்தேன். வரல. போன் பண்ணினா, "சாப்பிட்டீங்களா?"ன்னு கேப்பா, "சரி"ன்னு வச்சிருவா.

அதுக்குப் பின்னாடி ஆஸ்பத்திரியில என்ன செஞ்சாங்க தெரியுமா? அதே மூணு வாரப் பயிற்சிய நடத்தினாங்க. கம்பெனி ஆளுங்க வந்து ராவும் பகலும் வார்டுலயே நின்னாங்க. பழைய ரேட்டு இல்ல, கூடக் கேட்டாங்க. நான்தான் பில்லு பாஸ் பண்ணேன். இப்பம் எல்லாரும் அருமையாப் போடுதாங்க, ஒரு பிசகு கிடையாது. நிரஞ்சன் தம்பி சொல்லுதான், "சார், இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்"ன்னு. நடந்து முடிஞ்சப்புறம் யாரும் சொல்லலாம். அன்னைக்கு என் நாற்காலியில உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.

போன மாசம் பெரிய டாக்டர்கிட்ட நானே பேசி அவ சஸ்பென்ஷன ரத்து பண்ண வச்சேன். பழைய வார்டு, பழைய சம்பளம். அதச் சொல்லத்தான் இன்னைக்குத் தக்கலைக்குப் போனேன். அவ அக்கா சொல்லுதா, "அவ இங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரியில சேந்துட்டா, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு. எனக்கு எப்படித் தெரியும்?

அங்க போனேன். வாசல்ல பெஞ்சில உக்காந்து பாக்கேன். கவுண்டருக்கு உள்ள கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு வயசான நர்ஸ் உக்காந்திருக்கா, அவ நாற்காலிக்குப் பின்னாடி இவ நிக்கா. "அவசரம் இல்லக்கா. தப்பா அமுக்கினா ஒண்ணும் ஆயிராது, அழிச்சிட்டுத் திரும்பப் போடலாம். இன்னொரு தடவ பாப்போமா?"ன்னு கேக்கா. அந்த அம்மா தப்புத் தப்பாத் தட்டுதா, இவ பொறுமையாத் திரும்பச் சொல்லுதா. எத்தனை தடவன்னு எனக்கே எரிச்சலா வந்தது. இவளுக்கு வரல.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். கிட்டப் போய், "பாத்தியா, உனக்கு வரும்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா?"ன்னேன். அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. "வாங்க, டீ குடிங்க"ன்னு கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போனா.

மெலிஞ்சிருக்கா. தலை நரைச்சிருக்கு. அங்க சேந்ததும் ஒரு மாசம் வார்டு வேலை எதுவும் கொடுக்காம இன்னொரு நர்ஸு கூட உக்கார வச்சிக் கத்துக்கொடுத்தாங்களாம். ஒரு மாசம்! சும்மா சம்பளம்! சின்ன ஆஸ்பத்திரி, எப்படிக் கட்டுபடியாகும்னு கேட்டேன். "தெரியல, நான் கேக்கல"ன்னா.

வேலை திரும்பக் கிடைச்சதச் சொன்னேன். வீட்டுக்கு வான்னேன். அவ டீ கிளாஸைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா: "அன்னைக்கு மேட்ரனம்மா சொன்னப்போ நீங்க ஏன் ஆமான்னு சொல்லல?"

"உனக்காகப் பரிஞ்சு பேசச் சொல்லுதியா?"ன்னேன்.

"எனக்காக ஒண்ணும் வேண்டாம். ஆமா, நான்தான் வேண்டாம்னேன்னு ஒரு வார்த்தை. அதச் சொல்லியிருந்தா அந்த ரூம்ல நான் தனியா நின்ன மாதிரி இருந்திருக்காது."

நான் அவளுக்குப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். கொட்டேஷன் எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னாங்க, எதக் கொறைக்க முடியும், எத முடியாது. ஒண்ணு விடாமச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டா. குறுக்க பேசல. நான் முடிச்சதும் எந்திரிச்சி, "வார்டுல தேடுவாங்க"ன்னுட்டுப் போயிட்டா. டூட்டி முடியட்டும்னு காத்திருந்தேன். அப்புறம் பாத்தா பின்வழியாப் போயிட்டாளாம்.

திரும்பி அவ அக்கா வீட்டுக்குப் போனேன், சொல்லிட்டுக் கிளம்பலாம்னு. அந்த அக்காதான் வாசல்ல நின்னு சொன்னா. வேணும்னு சொல்லல, வாய்தவறி விழுந்திட்டு. சுந்தரி மாசாமாசம் சம்பளம் வாங்கின மறுநாள் லீவு போட்டுட்டுத் திருநெல்வேலிக்கு வாறாளாம். சங்கரவடிவு வீட்டுக்கு. முதல்ல அந்தப் பிள்ளை கோமதி கதவத் திறக்கலயாம். இவ படியில உக்காந்துட்டுத் திரும்பி வந்திருக்கா. அடுத்த மாசமும் அப்படித்தான். அதுக்கப்புறம் திறந்துட்டாளாம். இவ போய் அந்த மனுஷனக் குளிப்பாட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து வச்சி, கஞ்சி ஊட்டிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு வந்திருவாளாம். ஒரு வருஷமா இது நடக்கு.

பெருமாள்புரம் அண்ணாச்சி. எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. காய்கறி வாங்க நான் அந்த வழியாத்தான் போறேன். அவ அந்த வீட்டுக்குள்ள இருக்கும்போது நான் வாசலத் தாண்டிப் போயிருப்பேன்லா, எத்தனையோ தடவ?

இந்த வெயில்ல, புது பஸ் ஸ்டாண்டுல இருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பா. ஆட்டோவுக்கெல்லாம் கொடுக்க மாட்டா. ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஸ்கூட்டர எடுத்துட்டு வந்து கொண்டு விட்டிருப்பேன். உள்ளகூட வந்திருக்க மாட்டேன், வெளியிலேயே நின்னிருப்பேன். ஒரு போன்தானே? ஏன் பண்ணலன்னு உங்களுக்காவது விளங்குதா?